டேங்க்கில் எத்தனை நிமிடம்?

டர்பனின் வர்ஜீனியா விமான நிலையத்திலிருந்து ஜெர்மிஸ்டனில் உள்ள ராண்ட் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 260 கடல் மைல். டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்குக் கல்யாணத்துக்குப் போகும் குடும்பம், என்-3 நெடுஞ்சாலையில் அரை நாளைக் கழிப்பதற்குப் பதிலாக நாலு பேர் உட்காரும் செஸ்னா 172-இல் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். காற்றே இல்லாத நாளில், டேங்க் நிறைய எரிபொருளோடு போனால் இந்தக் கணக்கு சரி. கடலோரத்தில் காற்று இல்லாத நாள் அபூர்வம். நாலு பேரை ஏற்றினால் டேங்க்கை நிரப்பவும் முடியாது. சிறு விமானங்கள் எரிபொருள் தீர்ந்து வயலில் இறங்குவதற்கான விதை பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் விழுகிறது.

பழுதில்லாத எஞ்சின், தெளிந்த வானம், உரிமம் பெற்ற விமானி என எல்லாம் இருந்தும் நடக்கும் விபத்து இது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017-இல் வெளியிட்ட எச்சரிக்கையின்படி, 2011 முதல் 2015 வரை அந்நாட்டில் எரிபொருள் நிர்வாகத் தவறால் ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கும் மேற்பட்ட விபத்துகள் நடந்தன. அவற்றில் 56 விழுக்காடு எரிபொருள் அடியோடு தீர்ந்ததால் வந்தவை. 35 விழுக்காட்டில் விமானத்தில் எரிபொருள் இருந்தும் அது எஞ்சினைப் போய்ச் சேரவில்லை. விமானிகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வணிக உரிமமோ அதற்கும் மேலான உரிமமோ வைத்திருந்தவர்கள். பயிற்சி மாணவர்கள் 2 விழுக்காடுதான். மாணவர் கிளம்பும் முன் டேங்க் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்ல ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நிற்கிறார். பழகிய விமானிக்கு அப்படி யாரும் இல்லை.

எடையும் காற்றும்

1977 முதல் 1980 வரை தயாரான செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்கப் பறக்கும் கிளப்புகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் வண்டி. சாதாரண டேங்க் கொண்ட மாடலில் இரு இறக்கைகளிலும் சேர்த்து 163 லிட்டர் பிடிக்கும். அதில் பறக்கும்போது பயன்படுவது 151 லிட்டர். மீதி டேங்க்கின் அடியிலேயே தங்கிவிடும். அதிகபட்சப் புறப்பாட்டு எடை 1,043 கிலோ. ரேடியோக்களும் மற்றவையும் சேர்த்து வெறும் விமானம் 670 கிலோ என்று வைத்தால், 75 கிலோ வீதம் நாலு பேர் 300 கிலோ. மிஞ்சுவது 73 கிலோ. அவ்காஸ் என்னும் விமானப் பெட்ரோல் லிட்டருக்கு 0.72 கிலோ என்பதால் 101 லிட்டருக்கு மேல் இடமில்லை. இதுவும் கையில் ஒரு பை கூட இல்லாத கணக்கு. பட்டுப்புடவைப் பெட்டியும் பலகாரத் தூக்கும் சேர்ந்து 10 கிலோ வந்தால் இன்னொரு 14 லிட்டர் போய்விடும்.

பெட்டிகளைக் காரில் அனுப்பிவிட்டு 100 லிட்டரோடு கிளம்பியதாக வைத்துக்கொள்வோம். 8,500 அடியில் 105 நாட் (மணிக்கு 105 கடல் மைல்) வேகத்தில் பறந்தால் மணிக்குச் சுமார் 32 லிட்டர் செலவு. ஸ்டார்ட் செய்து ஓடுபாதை வரை உருண்டு போவதற்கும், கடல் மட்டத்திலிருந்து அந்த உயரத்துக்கு ஏறுவதற்கும் கூடுதலாக 10 லிட்டர். காற்றில்லாத நாளில் ராண்ட் போய்ச் சேர 89 லிட்டர் ஆகும். கையில் மிஞ்சுவது 11 லிட்டர், அதாவது 20 நிமிடம். கண்பார்வை விதிப்படி பறக்கும் விமானம் போய்ச் சேரும்போது பகலில் 30 நிமிட, இரவில் 45 நிமிடக் கையிருப்பு வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தரம். காற்றே வீசாவிட்டாலும் இந்தப் பயணம் விதிக்கு உட்படவில்லை.

இனி காற்றைச் சேர்ப்போம். குளிர்காலத்தில் உள்நாட்டு மேட்டிலிருந்து கடலை நோக்கி இறங்கும் பெர்க் காற்று வடமேற்கிலிருந்து வரும். ஜோகன்னஸ்பர்க் பாதையும் வடமேற்கேதான். 25 நாட் எதிர்க்காற்றில் தரைவேகம் 80 நாட்டாகக் குறையும். பயணம் 3 மணி 15 நிமிடமாக நீளும். தேவை 114 லிட்டர். டேங்க்கில் இருப்பது 100. இரண்டே முக்கால் மணி நேரம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில், ராண்டுக்கு 35 மைல் முன்னால், பால்ஃபர் ஊர்ப் பக்கத்தில் எஞ்சின் நின்றுவிடும். சோளக்காட்டில் இறங்கி நிற்கும் விமானத்தைப் பார்த்தவர்கள் எஞ்சினில் ஏதோ கோளாறு என்பார்கள். கோளாறு வர்ஜீனியாவில், சக்கரம் உருள்வதற்கு முன்பே, எழுதாமல் விட்ட ஒரு தாளில் இருந்தது.

ஆகவே எரிபொருளை நிமிடமாக மாற்றி, கடிகார நேரமாகத் தாளில் எழுதி முழங்காலில் கட்டிக்கொள்ள வேண்டும். 9:00 மணிக்குப் புறப்பாடு, 11:49-க்கு டேங்க் காலி. ஒரு மணி நேரக் கையிருப்பைக் கழித்தால் 10:49-க்குள் சக்கரம் தரையில் இருக்க வேண்டும், அது எந்த ஊர்த் தரையானாலும் சரி. விதி அரை மணி என்றாலும் ஒரு மணி வைத்துக்கொள்ளுங்கள்; அரை மணிக் கையிருப்பு என்பது 16 லிட்டர், ஒரு டேங்க்குக்கு 8. அந்த அளவைச் சிறு விமானத்தின் மானியாலும் காட்ட முடியாது, அளவுகோலாலும் நம்பிக்கையாகச் சொல்ல முடியாது.

வழியில் சரிபார்க்கும் இடத்தையும் முன்பே குறித்துக்கொள்ளலாம். லேடிஸ்மித் ஊருக்கு நேர் எதிரே வரும்போது சுமார் 98 மைல் முடிந்திருக்கும். காற்றில்லையென்றால் அங்கே 56 நிமிடத்தில் வந்திருக்க வேண்டும். 1 மணி 14 நிமிடம் ஆகியிருந்தால் எதிர்க்காற்று 25 நாட். அந்த நொடியிலேயே ராண்ட் பயணம் முடிந்துவிட்டது என்று பொருள். அவ்காஸ் கிடைக்கும் பக்கத்துத் தளத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கே கிடைக்குமா, யார் வந்து பம்ப்பைத் திறப்பார்கள், கட்டணம் எப்படி என்பதை முதல்நாளே ஃபோனில் கேட்டு வைத்திருக்க வேண்டும். சிறிய தளங்களில் ஞாயிற்றுக்கிழமை பம்ப்புச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே ஒரு கேள்வி.

அளவு எப்படிப் பொய்யாகிறது

டாஷ்போர்டு மானிகளை நம்பிப் பறக்கக் கூடாது என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்வார்கள். ஏன் என்று சொல்வது குறைவு. டேங்க்குக்குள் ஒரு மிதவை, அதன் கையில் ஒரு மின்தடைச் சுருள். மிதவை எழும்பித் தாழத் தாழ மின்னோட்டம் மாறும், முள் நகரும். விமானம் சாய்ந்தால் மிதவையும் சாயும். நாற்பது வருடம் பழைய சுருளில் தேய்ந்த இடங்கள் உண்டு. முள் சில நேரம் 'பாதி' என்ற இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அதற்காக மானியை அலட்சியப்படுத்தவும் கூடாது. தாளில் 70 லிட்டர் இருக்க வேண்டிய நேரத்தில் முள் கால் பங்கைக் காட்டினால், முள்தான் உண்மை சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு இறங்குங்கள். எது குறைவாகக் காட்டுகிறதோ அதை நம்புவதே இந்தத் தொழிலின் வழக்கம்.

பறக்கும் முன் நம்பத் தகுந்தது அளவுகோல் ஒன்றுதான். அந்த விமானத்துக்கென்றே கோடு போட்டதாக இருக்க வேண்டும். பக்கத்து விமானத்தின் கோலை இரவல் வாங்கினால் டேங்க் வடிவம் மாறி அளவு பிசகும். சமதளத்தில் விமானத்தை நிறுத்தி, ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, கோலை நெட்டுக்குத்தாக இறக்கி அடித்தகட்டைத் தொட வேண்டும். உடனே எடுத்து ஈரக்கோட்டைப் படிக்க வேண்டும்; டர்பன் வெயிலில் அவ்காஸ் நொடிகளில் ஆவியாகிவிடும், இரண்டு விநாடி தாமதித்தால் கோடு கீழே இறங்கியிருக்கும். இரு பக்கமும் அளந்து கூட்டி எழுதிக்கொள்ளுங்கள். சரிவான இடத்தில், எந்த டேங்க்கிலிருந்து எரிபொருள் எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் 'இரண்டும்' என்ற நிலையில் இரவு முழுக்க நின்ற செஸ்னாவில் மேட்டு இறக்கையின் எரிபொருள் பள்ளத்து இறக்கைக்கு ஓடி, காற்றுக்குழாய் வழியே சொட்டிப் போயிருக்கும். நேற்று மாலை நிரப்பியது இன்று காலையும் நிறைந்திருக்கிறது என்று எண்ணுவதற்கு ஆதாரம் இல்லை.

மூடியை மூடுவதிலும் கவனம் வேண்டும். இறக்கையின் மேல்பக்கம் பறக்கும்போது காற்றழுத்தம் குறைவாக இருக்கும் இடம். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அந்தக் குறைந்த அழுத்தம் எரிபொருளை உறிஞ்சி வெளியே இழுத்துவிடும். அடையாளம், மூடிக்குப் பின்னால் வண்ணப்பூச்சின் மேல் வாலை நோக்கிப் படிந்திருக்கும் நீலக் கறை. அவ்காஸ் 100 எல்எல்-க்கு நீலச் சாயம் சேர்ப்பதால் இந்தக் கறை கண்ணுக்குத் தெரிகிறது. கறை கண்ட விமானத்தில் எந்தப் புத்தகக் கணக்கும் செல்லாது.

அலகுக் குழப்பம் தனி ஆபத்து. இங்கே பவுசர் (எரிபொருள் லாரி) லிட்டரில் ஊற்றும், விமானக் கையேடு அமெரிக்க காலனில் பேசும், மூத்தவர்கள் சிலர் இன்னும் பிரிட்டிஷ் காலனில் நினைப்பார்கள். அமெரிக்க காலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் காலன் 4.546. கையேட்டின் 40 காலனை பிரிட்டிஷ் அளவாக எடுத்தால் 151 லிட்டர் டேங்க்கில் 182 இருப்பதாகக் கணக்கு வரும். வித்தியாசம் 31 லிட்டர். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பறத்தல், தாளில் மட்டும் இருப்பது. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 நடுவானில் வெறும் டேங்க்கோடு மிதந்து கிம்லி என்ற பழைய விமானத் தளத்தில் இறங்கியதும் இப்படித்தான். 22,300 கிலோ வேண்டிய இடத்தில் 22,300 பவுண்டு, அதாவது பாதிக்கும் குறைவாக ஏற்றியிருந்தார்கள்.

கடலோர விமானிகள் மறப்பது மிக்ஸ்சர், அதாவது காற்றோடு எவ்வளவு எரிபொருள் கலக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் குமிழ். டர்பனில் கடல் மட்டத்தில் சிவப்புக் குமிழை முழுக்க உள்ளே தள்ளிக் கிளம்புவது சரி. மேலே ஏற ஏறக் காற்று அடர்த்தி குறையும். எரிபொருளையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். கையேட்டின் செலவு அட்டவணை முழுக்க, மிக்ஸ்சரைச் சரியாகக் குறைத்துப் பறந்தால் கிடைக்கும் எண். 8,500 அடியில் குமிழைத் தொடாமலே போனால் 32 லிட்டர் என்பது நாலில் ஒரு பங்கு வரை கூடும். மூன்று மணி நேரத்தில் அதுவே கையிருப்பைத் தின்றுவிடப் போதும்.

இருந்தும் கிடைக்காதபோது

பைப்பர் செரோக்கி வகைச் சிறு விமானத்தில் செலக்டருக்கு 'இரண்டும்' என்ற நிலை கிடையாது. இடது அல்லது வலது. கைப்பிடி விமானியின் இடது முழங்காலருகே பக்கச் சுவரில் இருக்கும். அரை மணிக்கு ஒருமுறை டேங்க் மாற்ற வேண்டும். மறந்தால் ஒரு டேங்க் வறண்டு எஞ்சின் நிற்கும், மறுபக்கம் 60 லிட்டர் சும்மா கிடக்கும். அவசரத்தில் திருப்பிய கைப்பிடி இரண்டு நிலைகளுக்கும் நடுவில் நின்றுவிடுவதும் உண்டு. அது தன் பள்ளத்தில் 'டக்' என்று உட்கார்வதை விரலால் உணர வேண்டும். தரைக்குப் பக்கத்தில் மாற்ற வேண்டாம். 2,000 அடிக்கு மேல், கீழே ஒரு நல்ல வயல் தெரியும்போது மாற்றுங்கள்.

டேங்க்கின் காற்றுக்குழாயில் குளவி மண்கூடு கட்டினால் காற்று உள்ளே வர வழியின்றி டேங்க்கில் வெற்றிடம் உண்டாகி, எரிபொருள் எஞ்சினுக்குப் போவது நின்றுவிடும். இங்கே இது அடிக்கடி நடக்கும். இரண்டு வாரம் நின்ற விமானத்தில் அந்தக் குழாயை விரலால் தடவிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. கார்புரேட்டரில் பனி பிடிப்பதும் இதே அறிகுறியைத் தரும். டர்பன் காற்றின் ஈரத்தில், 25 டிகிரி வெப்பத்திலும், எஞ்சினைக் குறைத்து இறங்கும்போது அது பிடிக்கும்.

எஞ்சின் இருமத் தொடங்கியதும் மூக்கைத் தாழ்த்தி, எஞ்சின் இல்லாமல் அதிக தூரம் சறுக்கிப் போகும் வேகத்தைப் பிடிப்பது முதல் வேலை. அதன் பிறகே கைகள் அலைய வேண்டும்: கார்புரேட்டர் சூடு இழுக்க, மின்பம்ப் போட, டேங்க் மாற்ற, மிக்ஸ்சர் முழுக்க உள்ளே. செரோக்கியில் டேங்க் மாற்றிய பின் எஞ்சின் திரும்பப் பிடிக்கப் பத்து விநாடி வரை ஆகலாம். அந்தப் பத்து விநாடி பொறுக்காமல் மறுபடி பழைய டேங்க்குக்கே திருப்பி, வந்த எரிபொருளையும் நிறுத்தியவர்கள் உண்டு.

எஞ்சின் ஓடும்போதே இறங்குதல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். டேங்க்கில் 20 நிமிடம் மிச்சமிருக்கும்போது தேர்ந்தெடுத்த வயலில் எஞ்சின் துணையோடு இறங்குவதும், காலியான பின் கிடைத்த இடத்தில் இறங்குவதும் ஒன்றே அல்ல. எஞ்சின் ஓடினால் 500 அடியில் ஒருமுறை வயலின் மேல் பறந்து கம்பி, வேலி, பள்ளம், மாடு எல்லாம் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்த வயலுக்குப் போகலாம். ஆனாலும் விமானிகள் இதைச் செய்வதில்லை. விமானம் அடிபடும், விசாரணை வரும், கிளப்பில் பேசுவார்கள், கல்யாண வீட்டில் காத்திருப்பார்கள் என்ற நினைப்பு கையைக் கட்டிவிடுகிறது. இன்னும் 15 மைல்தானே என்று போகிறார்கள். ரேடியோவிலும் இதே தயக்கம். வேறு தளத்துக்குப் போக முடியாது, தாமதம் தாங்காது என்றால் 'மினிமம் ஃப்யூயல்' என்று சொல்ல வேண்டும். கையிருப்பைத் தொட்டுத்தான் இறங்க முடியும் என்றால் 'மேடே, மேடே, மேடே, ஃப்யூயல்'. இரண்டும் சர்வதேச நடைமுறையில் உள்ள சொற்கள். முதலாவது நிலைமையைத் தெரிவிப்பது மட்டும்; 'மேடே' என்று சொன்னவுடன் கட்டுப்பாட்டாளர் வழியை ஒதுக்கித் தருவார்.

எஞ்சின் நின்ற பிறகு

செஸ்னா 172-இன் சறுக்கு வேகம் 65 நாட். உயரத்தைப் போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு தூரம் போகும். 1,000 அடிக்கு ஒன்றரை கடல் மைல். உயரமானி 8,500 அடி காட்டும்போது 12 மைல் போகலாம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அது கடல் மட்டக் கணக்கு. மேட்டு நிலத்தில் தரையே 5,500 அடியில் இருக்கிறது. கையில் இருப்பது 3,000 அடி, நாலரை மைல், சுமார் நாலு நிமிடம்.

நாலு நிமிடத்தில் முதல் முடிவு காற்றின் திசை. புகை, குளத்தின் அலை, காற்றாலையின் வால் இவற்றைப் பாருங்கள். 45 நாட்டில் தரை தொடும் விமானம் 15 நாட் எதிர்க்காற்றில் தரையை 30 நாட்டில் தொடும். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 60. வேகம் இரண்டு மடங்கென்றால் மோதலின் ஆற்றல் நாலு மடங்கு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மூன்று மீட்டருக்குள் சீராக நின்றால் உடலில் விழும் விசை சுமார் 9 ஜி, அதாவது உடல் எடையைப் போல் ஒன்பது மடங்கு. நல்ல தோள்பட்டைப் பெல்ட் கட்டியவர் தாங்கக்கூடியது. ஆகவே நீண்ட, வழவழப்பான வயலைத் தேடி உயரத்தை இழப்பதைவிட, பக்கத்தில் உள்ள சுமாரான வயலில் மெதுவாக, இறக்கைகள் மட்டமாக, கட்டுப்பாட்டோடு இறங்குவது மேல். வேகம் குறைந்து ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்து, மூக்குக் குத்தி விழுந்த விமானங்களில்தான் பெரும்பாலும் உயிர் போகிறது. வயலை எட்ட முடியாது என்று தெரிந்தபின் மூக்கை உயர்த்தி இழுத்துப் பார்க்கும் கையை அடக்க வேண்டும்.

குளிர்காலத்தில் மேட்டு நிலத்துச் சோளக்காடுகள் அறுவடை முடிந்து வெறும் அடித்தட்டையாக நிற்கும். உழவுச் சாலின் போக்கிலேயே இறங்குங்கள், குறுக்கே வேண்டாம். பசும்புல் வெளி ஆசை காட்டும், ஆனால் புல்லுக்குள் கரையான் புற்று ஒளிந்திருக்கும். முன்சக்கரம் அதில் மோதினால் விமானம் கவிழும். சாலையைத் தேர்ந்தெடுப்பவர்கள் கம்பிகளை மறக்கிறார்கள். மின்கம்பி மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது. கம்பங்களைத் தேடுங்கள், இரு கம்பங்களுக்கு நடுவே கம்பி உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெருலம், டோங்காட், ஸ்டாங்கர் பக்கம் எங்கும் கரும்பு. நம் முன்னோர் 1860 முதல் ஒப்பந்தத்தில் வந்து வெட்டிய அதே கரும்பு. ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை வெட்டு நடக்கும்; அந்த மாதங்களில் வெட்டிய வயல், எரித்த வயல், வளர்ந்த வயல் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். புதிதாக வெட்டிய சமவயல் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. சரிவாக இருந்தால் மேட்டை நோக்கி இறங்க வேண்டும். முற்றிய கரும்பு மூன்று மீட்டருக்குக் குறையாமல் நிற்கும். அதில் இறங்க நேர்ந்தால் கரும்பின் தோகையையே தரையாக எண்ணி, அதன் மேல் மிகக் குறைந்த வேகத்தில் மட்டமாக அமர வேண்டும். அடித்தரையை எண்ணி மூக்கைத் தாழ்த்தியபடி உள்ளே புகுந்தால் தண்டுகள் சக்கரத்தைப் பிடித்துத் தூக்கி எறியும். காட்டுக்கு நடுவே லாரி ஓடும் மண்பாதைகள் கண்ணைப் பறிக்கும். ஆனால் பலவும் இறக்கையின் அகலத்துக்குப் போதாது, வளையவும் செய்யும்.

தரை தொடுமுன் மிக்ஸ்சரை முழுக்க வெளியே இழுத்து, எரிபொருள் வால்வையும், தீப்பொறி தரும் மேக்னெட்டோவையும் அணைக்க வேண்டும். டேங்க் காலி என்றாலும் குழாயிலும் அடியிலும் தங்கியதே தீப்பிடிக்கப் போதும். செஸ்னாவின் ஃப்ளாப் (மெதுவாக இறங்க உதவும் இறக்கையின் பின் மடிப்பு) மின்சாரத்தில் ஓடுவதால், ஃப்ளாப்பை இறக்கி முடித்த பிறகே மாஸ்டர் சுவிட்சை அணைக்க வேண்டும். செரோக்கியில் அது கைநெம்பு; அந்தக் கவலை இல்லை. கதவைத் திறந்து, இடுக்கில் ஒரு செருப்பையோ துணியையோ செருகி வையுங்கள். சட்டகம் கோணினாலும் கதவு இறுகாது. பின்னால் இருப்பவர்களிடம், 'பெல்ட்டை இறுக்குங்கள், கண்ணாடியைக் கழற்றுங்கள், தலையைக் குனியுங்கள், விமானம் நின்ற பிறகு இறங்குங்கள்' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். மாமியும் பிள்ளைகளும் உங்கள் குரலைத்தான் கவனிப்பார்கள்.

நின்ற பிறகு மின்கம்பி விமானத்தின் மேல் விழுந்திருந்தால், தீயோ புகையோ இல்லாதவரை, மின்சாரம் நிறுத்தப்படும் வரை உள்ளேயே இருங்கள். கம்பி இல்லையென்றால் எல்லோரும் காற்று வரும் பக்கமாக விலகிப் போக வேண்டும். காய்ந்த கரும்புச் சருகு பற்றினால் தீ ஆளைவிட வேகமாக ஓடும். 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பியை அது தானாக இயங்கியிருக்கும் என்று விட்டுவிடாமல் கையால் போட்டு, விமானத்தை விட்டு வெகுதூரம் அலையாமல் இருந்தால் தேடி வருபவர்கள் முதலில் பார்ப்பது வெள்ளை இறக்கையைத்தான்.